ஆறவிட்டது யார்?

இதை நான் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம். வருடம் இரண்டாயிரத்து ஐந்தா, ஆறா என்று தாசையனிடம் கேட்டால், "எனக்குக் காப்பி வெறுத்துப்போன வருசம் அண்ணாச்சி" என்கிறான். ஞாயிற்றுக்கிழமை என்பது நிச்சயம். மழை பெய்ததா என்று தெரியவில்லை. என் நினைவில் எல்லா வழக்குகளிலும் மழை பெய்கிறது, அதனால் அதை நம்புவதற்கில்லை.

திருவனந்தபுரத்தில், சாலை என்ற கடைவீதியில், ஒரு பாத்திரக்கடை மாடியில், 'வன்னியபெருமாள், துப்பறிவாளர்' என்ற பலகை அப்போது தொங்கிக்கொண்டிருந்தது. அது நான்தான். துப்பாக்கி, பூதக்கண்ணாடி எதுவும் என்னிடம் கிடையாது. என் முறை பேசாமல் இருப்பது. எதிரே இருப்பவரைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பேன். மனிதர்களால் அதை வெகுநேரம் தாங்க முடியாது, எதையாவது ஒப்புக்கொண்டுவிடுவார்கள். நான் தேடி வந்த குற்றத்தைத்தான் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. பேச வேண்டியதையெல்லாம் பேசுவதற்குப் பாறசாலைக்காரனான தாசையனை உதவியாளாக வைத்திருந்தேன். பேச வேண்டாததையும் அவனே பேசினான்.

அன்று காலை நாங்கள் ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் நீலகண்டன் என்பவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் மகள் சுப்ரியா எங்களை வரவழைத்திருந்தாள். கழக்கூட்டத்தில், வாடகை ஃப்ளாட் ஒன்றில் நடந்த ஒரு சின்னக் கம்பெனியில் அவள் இன்ஜினியர். அழுது முடித்த முகம். கையில் ஒரு கறுப்புப் பெட்டி.

"காணாமப் போனது என்ன?" என்றேன்.

"ஒரு வெள்ளைச் சில்லு சார். பிஸ்கட் அளவுதான் இருக்கும். பேட்டரி கிடையாது. ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் பட்டாப் போதும், அந்த வித்தியாசத்துலேர்ந்து தானே கரண்ட் எடுத்துண்டு, எவ்வளவு சூடுன்னு வயர்லெஸ்ல சொல்லிடும். இந்தப் பெட்டி அதைக் கேட்கும்."

"அதனால என்ன பிரயோஜனம்?"

"ஃபாக்டரியில பாய்லர் குழாய் இருக்கும். அங்க ஏறிப் போய் யாராலயும் பேட்டரி மாத்திண்டிருக்க முடியாது. இதை ஒட்டிவிட்டா வருஷக்கணக்கா அதுபாட்டுக்குப் பேசிண்டிருக்கும்."

"சோறு போடாண்டாம். சூடு காட்டினாப் போதும், பேசிக்கிட்டே இருக்கும்," என்றான் தாசையன். "எங்க மாமனாரும் இதே மாடல்தான் அண்ணாச்சி."

சுப்ரியா சிரிக்கவில்லை. உலகத்திலேயே அந்த ஒரு சில்லுதான் இருந்தது. மறுநாள் திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து பணம் போடுகிறவர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று வியாழக்கிழமை ராத்திரி கொண்டுவந்து கூடத்து அலமாரியில் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் இல்லை. கம்பெனி முதலாளி சுமந்த், அவள் அதைப் போட்டிக் கம்பெனிக்கு விற்றுவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டான். இன்று மத்தியானம் இங்கே வருவான். சில்லு கிடைக்காவிட்டால் நேரே போலீஸ் ஸ்டேஷன்.

"கேஸ் நிக்குமோ நிக்காதோ சார். ஆனா திருடின்னு ஒரு தரம் பேர் வந்துட்டா, கழக்கூட்டத்துல ஒரு கம்பெனியும் என்னை வாசல் தாண்ட விடாது."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"அடுத்தாத்து மாடியில ஸ்ரீஜித்னு ஒருத்தர் குடியிருக்கார். போட்டிக் கம்பெனிலதான் வேலை. வெள்ளிக்கிழமை காலமே இங்க கூடம் வரைக்கும் வந்துட்டுப் போனார்."

அப்போது சுப்ரியாவின் அம்மா விஜயம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் வழக்கம்போல் அவரைப் பார்த்தபடி பேசாமல் இருந்தேன். அவரும் என்னைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார். மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு காய்கறிக்காரன் கூவிக்கொண்டே வந்து, கூவிக்கொண்டே போனான். என் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக நான்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினேன்.

"அவள்கிட்டப் பலிக்காது," என்றார் நீலகண்டன். "மௌன விரதம். சுப்ரியா காரியம் ஜெயிக்கணும்னு வெள்ளிக்கிழமை விடிகாலைலேர்ந்து ஆரம்பிச்சிருக்கா. திங்கட்கிழமை எல்லாம் நல்லபடியா முடிஞ்சப்புறம்தான் வாயைத் தெறப்பா. எழுதியும் காட்ட மாட்டா, கேட்டோ, அவ்வளவு கண்டிப்பு."

இப்போது என் பார்வை அவர்மேல் இருந்தது. அவர் நெளிந்தார்.

"சரி, சொல்லிடறேன். கிழக்கேகோட்டைல தினமும் ரெண்டு வடை சாப்பிடறேன். டாக்டர் கூடாதுன்னுட்டார். இவளுக்குத் தெரியாது."

விஜயம் மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். விரதத்தின் முழு பாரத்தையும் அந்த முகத்தில் அப்போதுதான் கண்டேன்.

"சார், இது நாங்க பிடிக்க வந்த குற்றம் இல்ல," என்றான் தாசையன். "உள்ளே வையுங்க."

சுப்ரியா மறுபடி அழத் தொடங்கினாள். விஜயம் அவள் தோளைத் தட்டி, உள்ளே பூஜை அறைப் பக்கம் கையைக் காட்டி, நிதானமாகத் தலையசைத்தார்.

"பகவான் பார்த்துப்பான்னு சொல்றா," என்று நீலகண்டன் மொழிபெயர்த்தார். "வெள்ளிக்கிழமைலேர்ந்து இதையேதான் சொல்லிண்டிருக்கா."

விஜயம் கணவரை ஒரு கணம் வெறித்துப் பார்த்துவிட்டு, எழுந்து உள்ளே போனார். சற்று நேரத்தில் பூஜை மணி கேட்டது. மணி ஓய்ந்ததும் சுப்ரியாவின் கையில் இருந்த கறுப்புப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"வந்துடுத்து! நேத்திக்கும் முந்தாநாளும் இதே மாதிரிதான்!"

பெட்டியின் சின்னத் திரையில் எண்பத்தொன்று என்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்பது ஆயிற்று.

"இது எவ்வளவு தூரம் எட்டும்?"

"இந்தத் தெருவைத் தாண்டாது. சில்லு இங்கதான் யாராத்துலயோ இருக்கு. ஆனா ஒண்ணு புரியலை சார். ஆபீஸ்ல இது கொஞ்ச நேரம்தான் பேசும். சூடு அடிப்பக்கம் வரைக்கும் பரவி ரெண்டு பக்கமும் ஒண்ணாயிட்டா வாயை மூடிக்கும். இங்க என்னடான்னா முழுக்க ஆறுற வரைக்கும் பேசறது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு யோசனை அப்படித்தான் வரும். சில சமயம் தூக்கமும்.

"அடிப்பக்கம் ஏதோ குளிர்ச்சியான இடத்தில் இருக்கிறது," என்றேன் கடைசியில். "கல் தரையாக இருக்கலாம். மேலே கொதிக்கக் கொதிக்க ஒன்றை வைத்திருக்கிறார்கள். வைத்தவர்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எண் சட்டென்று நின்றிருக்கும். மூன்று நாளாகக் காலையில் யாரோ சுடச்சுட ஒன்றை வைத்து, தொடாமல் ஆறவிடுகிறார்கள்."

"காப்பி!" என்றான் தாசையன்.

நீலகண்டன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "காப்பியை ஆறவிடறதா? இந்தத் தெருவுலயா? ஓய், என்ன பேசறீர்? திருடன் இருக்கான்னு சொல்லும், ஒத்துக்கறேன்."

"திருடனைப் பிடிக்க அதுதான் சார் வழி. காப்பி குடிக்காத ஆள் எவனோ அவன்தான்," என்று தாசையன் செருப்பை மாட்டினான்.

பெட்டியை நான் ஏந்திக்கொள்ள, இருவரும் தெருவில் இறங்கினோம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கோடிவீட்டிலிருந்து ஆரம்பித்தோம். தாசையன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்த வீட்ல காப்பி ஆறிப்போறதுண்டா?" எல்லா வீட்டிலும் அதை ஒரு அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். அதைத் துடைக்க ஒரே வழி காபி கொடுப்பதுதான் என்றும் நினைத்தார்கள்.

"ஆறிப்போறதா? உக்காருங்கோ. குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்கோ."

"எங்காத்துல டபரால ஊத்தறதுக்குள்ள தீர்ந்துடும். இந்தாங்கோ."

எனக்குப் பித்தம் என்று சொல்லி நான் தப்பித்தேன். தாசையனால் எதையும் மறுக்க முடியாது. தவிர அவன் பிறவியிலேயே சாயா குடிப்பவன். நாலாவது வீட்டுப் படி இறங்கும்போது அவன் கண்கள் சற்றுப் பெரிதாகியிருந்தன.

"அண்ணாச்சி, எனக்கு இப்ப நெஞ்சு அடிக்கிறது எங்க அம்மைக்குப் பாறசாலைல கேக்கும். அந்தச் சில்லை எடுத்து என் மண்டைல ஒட்டுங்க, ஊருக்கே கரண்ட் கொடுக்கலாம்."

பெட்டியை அவன் கண்ணெதிரே நீட்டி, "எண் என்ன?" என்றேன்.

"அறுவத்தி மூணு."

நீலகண்டன் வீட்டுக்கு அடுத்த வீடு சீதாலக்ஷ்மியுடையது. மாடியில்தான் அந்த ஸ்ரீஜித். அந்த அம்மாள் கதவைத் திறந்ததும் தாசையன் கேள்வியைக் கேட்டான். நான் பேசாமல் அவரைப் பார்த்தேன்.

"யாரு சொன்னா?" என்றார் மெதுவாக. "சிக்கரி கலக்கறேன்தான். கொஞ்சமாத்தான். தெருவுல சொல்லிடாதீங்கோ."

"அது கெடக்கட்டும் மாமி. காப்பி ஆறுறதுண்டா?"

அவர் குரல் இன்னும் தாழ்ந்தது. "உண்டு. மாடில இருக்கானே அந்தப் பிள்ளை, தினமும் காலமே அவன் வாசல்ல கல்படியில கொண்டு வெப்பேன். குடிக்கவே மாட்டான். அப்படியே ஆறிக் கிடக்கும். அதைத் திரும்ப எடுத்துண்டு வர்றபோதெல்லாம் எனக்கு அழுகை வரும்."

தாசையன் என்னைப் பார்த்தான். கல்படி, கொதிக்கும் காபி, தொடாத ஆள், போட்டிக் கம்பெனி. எல்லாம் ஒன்றோடொன்று போய் உட்கார்ந்தன. நாங்கள் மாடிக்குத் தாவினோம்.

மூடிய கதவு. அதன் முன்னே கல்படி. படியின்மேல் ஒரு டம்ளர், ததும்பத் ததும்ப. தாசையன் கதவைத் தட்டிய தட்டலில் உள்ளே ஏதோ கீழே விழுந்தது. ஸ்ரீஜித் கைலியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"எந்தா சேட்டா? ஞான் நைட் ஷிஃப்ட் கழிஞ்சு இப்பத்தான் படுத்தேன்."

"சில்லு எங்கடே?"

"எந்து சில்லு?"

நான் அவனைப் பார்த்தபடி நின்றேன். பாவம், தூக்கம் கெட்ட மனிதன். கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை.

"செரி, சாரி. பேப்பர் எடுத்தது ஞான் தன்னெ. தினமும் சுப்ரியா வீட்டுப் பேப்பரை எடுத்துப் படிச்சிட்டு, திரும்ப வெச்சிடுவேன். வெள்ளிக்கிழமை மடக்கினது சரியா வரலை. அதான் உள்ளே போய் அலமாரியில வெச்சேன்."

"நீ ஏன் காப்பி குடிக்கல?"

"எனக்கு சாயா தான் வேணும். மாமிக்கு விஷமம், மனசு கஷ்டம் ஆகும்னு சொல்லலை."

"உண்மையைச் சொல்ற முகம் அண்ணாச்சி," என்றான் தாசையன், திடீரென்று நெகிழ்ந்துபோய். "சாயா குடிக்கிறவன் பொய் சொல்ல மாட்டான்."

நான் குனிந்து டம்ளரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. மேலே ஆடை கட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். கீழே கல்தான், வேறொன்றும் இல்லை. கையில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஐம்பத்தாறு.

அந்த மாடிப்படியில் நான் நின்ற நேரத்தைத் தாசையன் பிற்பாடு பலரிடம் மிகைப்படுத்திச் சொல்லியிருக்கிறான். ஆனால் நான் நின்றது உண்மை. தெருப் பாதி காபியைத் தாசையன் குடித்து முடித்திருக்கிறான். அவனுக்குக் கொடுத்த ஒவ்வொரு டம்ளரும் அவன் பேசி முடிப்பதற்குள் ஆறியிருக்கிறது. நாங்கள் தேடும் சூடு மட்டும் இன்னும் ஆறவில்லை. அப்படியானால் அது டம்ளர் இல்லை. பெரிய பாத்திரம். அடி கனத்தது.

காபியே இல்லை.

நீலகண்டன் வீட்டுக்குத் திரும்பினோம். தாசையன் தூணில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"ஏதாவது சாப்பாடு போட்டாத்தான் மாமா இது அடங்கும்."

"இருங்கோ, பாயசம் வரும். முதல்ல ஸ்வாமிக்கு ஆகணும்," என்றார் நீலகண்டன். "முன்னெல்லாம் மணி அடிச்ச கையோட எடுத்துண்டு வந்துடுவா. இந்த விரதம் ஆரம்பிச்சதுலேர்ந்து பகவானுக்கு ரொம்ப நேரம் கொடுக்கறா. நமக்கு வரச்சே ஆறி அவலாப் போயிடறது."

நான் அவரைப் பார்த்தேன். "வடை விஷயம்தான் சொல்லிட்டேனே!" என்றார் பதறி.

அக்ரஹாரத்தில் சுடச்சுட வைத்ததைத் தொடாமல், அவசரப்படாமல், ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர்தான் உண்டு. நாங்கள் அவரைத் தவிரத் தெருவில் எல்லாரையும் விசாரித்துவிட்டோம்.

பூஜை அறை வாசலுக்குப் போனேன். உள்ளே இருட்டு, கற்பூர வாசனை, ஒரு குத்துவிளக்கு. விஜயம் பாயசம் இருந்த வெண்கல உருளிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு காலை எடுத்து வைத்ததும் அவர் கை உயர்ந்து என்னைத் தடுத்தது. பிறகு அதே கை கொல்லைப்புறக் கிணற்றைக் காட்டியது. இதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

வாசலிலேயே நின்றேன். "அம்மா, அந்த உருளியைக் கொஞ்சம் தூக்குங்கள்."

தூக்கினார். சுப்ரியாவின் கைக்கு மாறியிருந்த பெட்டியில் விளக்கு அணைந்தது.

"திரும்ப வையுங்கள்."

விளக்கு எரிந்தது. நாற்பத்தொன்பது.

"அம்மா!" என்று கத்தினாள் சுப்ரியா.

விஜயம் மகளைப் பார்த்து, உருளி இருந்த இடத்தை நோக்கிக் கையைக் காட்டி, நிதானமாகத் தலையசைத்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் காட்டிக்கொண்டிருந்த அதே கை. பிறகு நீலகண்டனைப் பார்த்தார். அவர் எதையும் மொழிபெயர்க்கவில்லை.

அந்த வீட்டில் பரீட்சை ஹால்டிக்கெட்டிலிருந்து முதல் மாதச் சம்பளக் கவர் வரை எல்லாவற்றையும் ஸ்வாமி காலடியில் வைத்துத்தான் எடுப்பார்கள். மகளின் பெரிய நாள் வருகிறது, சில்லையும் வைத்திருக்கிறார். ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் நிரப்பி, பூ மிதக்கவிட்டு, நடுவில் சில்லை வைத்து, அதற்குச் சந்தனமும் குங்குமமும் அப்பி, அதன் தலைமேலேயே நைவேத்திய உருளியை இறக்கியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் சுமந்த் வந்து சேர்ந்தான். வெயிலும் கோபமும் சேர்ந்து சிவந்திருந்தான்.

"சுப்ரியா, ஒண்ணும் பேச வேண்டா. ஐட்டம் இருக்கா, இல்லையா? ஆட்டோ வெயிட்டிங்ல நிக்குது. ஸ்டேஷனுக்குப் போறேன்."

"உள்ளே இருக்கிறது," என்றேன். "போய்ப் பார்க்கலாம். ஆனால் குளித்துவிட்டுத்தான்."

"வாட்?"

"கிணத்துல வாளி இருக்கு சார்," என்றான் தாசையன். "சோப்பு வேணும்னா மாமா தருவார்."

"திஸ் இஸ் ரிடிக்குலஸ். அது என் ப்ராப்பர்ட்டி. நான் உள்ளே போய் எடுப்பேன்."

விஜயம் எழுந்து வாசல்படியில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. சுமந்த் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இரண்டு மௌனங்களுக்கு நடுவில் அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினான்.

கிணற்றடியில் வாளிச் சத்தம் வெகுநேரம் கேட்டது. நீலகண்டனின் நாலு முழ வேட்டியில், தலை சொட்டச் சொட்ட, அவன் பூஜை அறைக்குள் மண்டியிட்டான். உருளிக்கு அடியில் எட்டிப் பார்த்து, சந்தனம் அப்பிய தன் கம்பெனியின் ஒரே சொத்தைக் கண்டதும் அழுதேவிடுவான் போலிருந்தது.

"போச்சு. தண்ணீர்ல கிடக்குது. எல்லாம் போச்சு."

"எங்க போச்சு?" என்றாள் சுப்ரியா கூடத்திலிருந்து. குரலில் அழுகை இல்லை. "விளக்கு எரியறது பாருங்க. சுமந்த், ஆபீஸ்ல நாம சூட்டைப் பத்தி மட்டும்தான் யோசிச்சோம். அடியில குளிர்ச்சி நிக்கணும்னு தோணலை. தாம்பாளத் தண்ணி அதை நிறுத்தி வெச்சிருக்கு. அந்தச் சந்தனம் உருளிக்கும் சில்லுக்கும் நடுவுல இடைவெளியே இல்லாமப் பண்ணிடுத்து. மூணு நாளா நம்ம லேப்ல பேசாத பேச்சுப் பேசியிருக்கு."

"அப்படின்னா எடுத்துக்கிட்டுக் கிளம்பலாம்," என்றான் சுமந்த். "நாளைக்கு டெமோ."

விஜயம் தலையை இடமும் வலமும் ஆட்டினார். காரியம் முடியும்வரை வைத்ததை எடுக்கக் கூடாது.

சுமந்த் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஓகே," என்றான். "அவங்ககிட்ட ஐம்பது பீஸ் ரெடின்னு சொல்லியிருக்கேன். உள்ளது இது ஒண்ணுதான். போலீஸ்னு மிரட்டினதும் அதுக்காகத்தான். களவு போச்சுன்னு ஒரு பேப்பர் கையில இருந்தா மீதி நாப்பத்தொன்பதையும் அதுல தள்ளி விட்டிருக்கலாம்."

சுப்ரியா அவனை ஏறிட்டுப் பார்த்த பார்வையில், அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு மௌனம் சேர்ந்துகொண்டது. மூன்றிலும் அதுதான் கனமானது என்று இன்றும் நினைக்கிறேன்.

"ஃபோனை எடுங்க," என்றாள் அவள் கடைசியில். "ஒரு பீஸ்தான்னு இப்பவே அவங்ககிட்டச் சொல்லுங்க. டெமோ இங்கதான்னும் சொல்லுங்க. குளிச்சுட்டு வரணும்னு நாளைக்கு நான் சொல்லிக்கறேன்."

அவன் சொன்னான். நாலு முழ வேட்டியில் நிற்பவனுக்கு வேறு வழி தெரிந்திருக்காது.

பெங்களூர்க்காரர்கள் திங்கட்கிழமை ஸ்ரீவராகத்துக்கு வந்தார்கள். ஒருவர் மட்டும் குளித்தார். மற்றவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தார்கள். பாயசம் முழுக்க ஆறும்வரை விளக்கு எரிந்தது. கேட்டதில் பாதிப் பணம் போட்டார்கள். கம்பெனி மூன்று வருடம் நடந்தது, பிறகு ஒரு பெரிய கம்பெனி அதை வாங்கி மூடிவிட்டது. சுமந்த் கொல்லத்தில் சோலார் ஹீட்டர் ஏஜென்சி வைத்திருக்கிறான். ஸ்ரீஜித் துபாய்க்குப் போனான். சீதாலக்ஷ்மி மாடியை இப்போது யாருக்கும் விடுவதில்லை. நீலகண்டன் காலமாகிவிட்டார், விஜயம் மகளோடு இருக்கிறார், நன்றாகப் பேசுகிறார். தாசையன் பாறசாலையில் மொபைல் கடை நடத்துகிறான். நான் பலகையைக் கழற்றிப் பல வருடங்களாகின்றன. சுப்ரியா புனேயில் ஒரு பாய்லர் தொழிற்சாலையில் தலைமை இன்ஜினியர். சுமந்த் அந்தப் புகாரைக் கொடுக்கவே இல்லை. அவள் பெயரில் எந்த ஊரிலும் எந்தப் புகாரும் கிடையாது.